ஒரு பம்ப்செட் கம்பெனியில் சமவாய்ப்பு

எச்.ஆர். வேலை என்பது, முதலாளி நம்மைத் தொழிலாளி பக்கம் என்றும், தொழிலாளி நம்மை முதலாளி பக்கம் என்றும் நினைத்துக்கொண்டிருக்க, நாம் எந்தப் பக்கம் என்று நமக்கே தெரியாமல் சம்பளம் வாங்கும் வேலை. இதே வேலையில் இருப்பவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் கொஞ்சம் இரக்கப்படுங்கள்.

நான் இருப்பது கோவையில், குறிச்சிப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில். எங்களிடம் பம்ப் வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர், “உங்கள் நிறுவனத்தில் பன்முகத்தன்மை எப்படி இருக்கிறது?” என்று கேட்டு மெயில் அனுப்பினார். என் குழப்பம் அன்றைக்கு ஆரம்பித்தது.

பன்முகம்

மெயிலை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், எல்லா மதத்தினரும், எல்லாச் சாதிக்காரர்களும் நம்மிடம் வேலைக்கு இருக்க வேண்டும், அதைத்தான் கேட்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினேன். அவரும் கடைசிவரை தலையாட்டிக் கேட்டார். பரவாயில்லை, சுலபமாகப் புரிந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம்.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “பொள்ளாச்சிக்காரங்க இருக்காங்க, காங்கேயத்துக்காரங்க இருக்காங்க, அன்னூர்க்காரங்க இருக்காங்க. இதுக்கு மேல என்னங்க அம்மணி வேணும்?”

கல்யாணம் எப்போ?

டெஸ்டிங் பிரிவுக்கு இரண்டு இன்ஜினியர்கள் தேவைப்பட்டார்கள். உக்கடத்திலிருந்து நஸ்ரின் என்ற பெண் வந்தாள். சின்னப் பட்டறை ஒன்றில் மோட்டார் டெஸ்டிங் செய்த அனுபவம் இருந்தது. கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில். என்னோடு உட்கார்ந்திருந்த புரொடக்‌ஷன் மேனேஜர் பழனிசாமி கடைசியில், “கல்யாணம் எப்போங்க?” என்றார். மேஜைக்கு அடியில் அவர் காலை மிதிக்கப் பார்த்தேன். மேஜைக் காலைத்தான் மிதித்தேன்.

“இத எல்லாருகிட்டயும் கேப்பீங்களாங்க சார்?” என்றாள் நஸ்ரின், ரொம்ப மரியாதையாக.

பழனிசாமி நியாயஸ்தர். அடுத்து வந்த உடுமலைப்பேட்டை சரவணனிடமும் மறக்காமல் கேட்டார். வருகிற ஆவணியில் என்றான் அவன். “நல்லதுங்க தம்பி, பொறுப்பு வந்துரும்” என்று முகம் மலர்ந்தார். அவன் போனதும் நான் கேட்டேன்: “அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம்னா வேலைய விட்டுருவா, இந்தப் பையனுக்குக் கல்யாணம்னா பொறுப்பு வந்துருமா சார்?” இரண்டு பேரையும் எடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவர், பேனாவால் நெற்றியைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

“இதுல எங்கயோ இடிக்குதுங்க மேடம். எங்கேன்னுதான் புடிபட மாட்டேங்குது.”

எந்தப் பக்கம்?

வேலை உறுதியான பிறகு முதலாளியைப் பார்த்துக் கும்பிடு போடுவது எங்கள் வழக்கம். சரவணனை அழைத்துப் போனேன். “தம்பி, உடுமலைல எந்தப் பக்கம்?” என்றார் முதலாளி. இது பூகோளக் கேள்வி இல்லை என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆள் என்ன சாதி என்று நேராகக் கேட்க நாகரிகம் தடுக்கும்போது கேட்கப்படுவது.

“கெழக்குப் பக்கமுங்க ஐயா.”

“கெழக்கால யாரு ஊடுங்க?”

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சரவணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“எங்கப்பா ஊடுங்க ஐயா.”

வரவேற்பு

அக்கவுன்ட்ஸ் வேலைக்கான விளம்பரத்தில், ‘மாற்றுத்திறனாளிகள் வரவேற்கப்படுகிறார்கள்’ என்று நானே பெருமையாகப் போட்டிருந்தேன். இன்டர்வியூ மூன்றாவது மாடியில். எங்கள் லிஃப்ட் சாமான் ஏற்ற மட்டும். காங்கேயத்திலிருந்து பஸ் ஏறி வந்த கதிர்வேல் கீழே நின்றுகொண்டு போன் செய்தார். விபத்தில் ஒரு கால் போய், ஊன்றுகோலில் நடப்பவர். “வரவேற்கறோம்னு போட்டிருந்தீங்க மேடம். வந்துட்டனுங்க. யாராச்சும் எறங்கி வாரீங்களா?”

இறங்கிப் போனோம். செக்யூரிட்டி அறையில் இன்டர்வியூ நடந்தது. ஆள் கெட்டிக்காரர், எடுத்துவிட்டோம். அவருக்காக அக்கவுன்ட்ஸ் பிரிவையே கீழே ஸ்டோர் ரூமுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பிரிவின் தலைமை விஜயா மேடம். மேலே ஜன்னலோர இடம் அவருடையது. சண்டைக்கு வருவார் என்று பயந்துகொண்டே, மாற்றிய அன்று பார்க்கப் போனேன்.

காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் என்னைக் கிட்டே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: “எனக்கு முட்டி தேஞ்சு ரொம்ப நாளாச்சுங்க. சொன்னா வேலைய வுட்டு நிறுத்திப்போடுவாங்கன்னு கம்முனு இருந்தேன்.”

கேன்டீன் பேச்சு

சாப்பாட்டு மேஜையில் சரவணன் தன் சம்பளத்தை நஸ்ரினிடம் சொல்லிவிட்டான். அவள் நேரே என்னிடம் வந்தாள். ஒரே நாளில் சேர்ந்தோம், ஒரே வேலை, எனக்கு மட்டும் ஏன் குறைச்சல் என்றாள். முந்தின இடத்தில் வாங்கியதை வைத்துத்தான் இங்கே நிர்ணயிப்போம் என்றேன். “அங்க கொறச்சுக் குடுத்தாங்க, அதனால இங்கயும் கொறைப்பீங்களாங்க?” என்றாள். பழனிசாமியிடம் போனால், “அந்தப் புள்ள கேக்கவே இல்லீங்களே” என்றார். இப்போது கேட்கிறாள் என்றேன். “சேந்த ஒடனே கேக்கறதாங்க?” என்றார்.

முதலாளியோ சம்பளத்தை வெளியே பேசியதற்காகச் சரவணனைக் கண்டிக்கச் சொன்னார். என் வேலை, கூப்பிட்டுக் கண்டித்தேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னான்: “நான் என் சம்பளத்தத்தானுங்க சொன்னேன். கம்பெனி ரகசியம் ஒண்ணும் சொல்லலீங்களே மேடம்.”

சமம்

நஸ்ரினுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்து, ராஜினாமாவோடு வந்து நின்றாள். ஆச்சரியம் என்னவென்றால், எனக்கு முன்னால் பழனிசாமி முதலாளி அறைக்குள் நுழைந்தார். “அந்தப் புள்ளைய வுட்டுப்போட்டா டெஸ்டிங் படுத்துருமுங்க” என்றார். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். சரவணன் சம்பளமே அவளுக்கும் என்று முடிவானது. ஓடிப்போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தால், “இத மொதல்லயே செஞ்சிருந்தா நான் எதுக்குங்க வெளிய தேடறேன்?” என்றாள். ஆனாலும் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வாசல்வரை போனவள் நின்று, “உங்களுக்கு முன்னாடி இந்த சீட்ல ஒரு சார் இருந்தாராமே. அவருக்கு என்ன சம்பளமுங்க மேடம்?” என்றாள்.

எனக்குத் தெரியும். என்னுடையதைவிட அதிகம். தெரிந்தும் இத்தனை நாள் அது எனக்கு உறைக்காமல் இருந்ததுதான் விளங்கவில்லை. மறுநாள் காலை, யாருக்காகவோ பேசுவதுபோல் குரலை வைத்துக்கொண்டு முதலாளியிடம் எனக்காகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. என்னைவிடக் குழம்பிப் போனார்.

“சம்பளப் பிரச்சினைன்னு யாரு வந்தாலும் உங்ககிட்டத்தானே அனுப்புவேன் அம்மணி. நீங்களே வந்து நின்னா, நான் யாருகிட்டயுங்க அனுப்பறது?”

ஆக, எல்லோருக்கும் நியாயம் பார்க்க எங்கள் கம்பெனியில் ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்கள். அந்த ஆளுக்கு நியாயம் பார்க்கிற வேலைக்குத்தான் இன்னும் ஆள் எடுக்கவில்லை.