சிவந்துபோன புங்கை

மணி பன்னிரண்டரை. முத்தியால்பேட்டையில் எல்லோரும் சோற்றுக்கு முன்னால் உட்காரும் நேரத்தில் ராஜாங்கம் நடுத்தெருவில் நின்று மரத்தைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார். செல்போனின் அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புக் கேமரா செருகியிருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து மனைவி மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறார். "வெயிலு எறங்கிட்டா இது பேசாது, இரு!" என்று பதில் போகிறது.

ஏசி மெக்கானிக். வயது ஐம்பத்து நான்கு. எந்த ஒயர் சூடாகிறது, குளிர் எந்தச் சந்தில் ஒழுகுகிறது என்று பார்ப்பதற்காக மலிவாகக் கிடைத்த பழைய கேமராவை வாங்கிவந்தார். சூட்டைச் சிவப்பாகவும் குளிர்ச்சியை நீலமாகவும் காட்டும். ஒரு நாள் விளையாட்டாக அதை மரத்தின் பக்கம் திருப்பினார். அன்றோடு மனிதர் கெட்டார்!

"நமக்கு வேர்த்தா ஒடம்பு குளிருதுல்ல? மரத்துக்கும் அதான் சார். வேருல தண்ணி இருந்தா இலை வேர்க்கும், நீலமா தெரியும். இல்லன்னா வேர்க்கற தொளைய மூடிக்கும். பாக்க பச்சையாத்தான் இருக்கும், உள்ள கொதிக்கும்." இலை வாடிய பிறகு கண்டுபிடிக்க ராஜாங்கம் எதற்கு, ஆடே சொல்லிவிடும் என்பார். ஒரு மரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவே மாட்டார். அதே சாதி மரம் இன்னொன்று பக்கத்தில் வேண்டும். "ஒத்தையா பாத்தா ஏமாத்திடும். ஜோடியா பாக்கணும்."

எதிர்வீட்டுச் சிவசங்கரி தன் புங்கையைச் சுற்றிச் சிமெண்டு பூசிவைத்திருந்தார். அதற்கு இவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. "கழுத்தப் புடிச்சிக்கிட்டு தண்ணி குடின்னா எப்படிம்மா குடிக்கும்?" நச்சரிப்புத் தாங்காமல் அந்த அம்மாள் ஆள் வைத்து உடைத்தார்.

இவர் வாசலிலும் ஒரு புங்கை உண்டு. இரண்டையும் ஒரே நாளில் நட்டவர் ராஜாங்கத்தின் அப்பா, மில் தொழிலாளியாக இருந்த அம்மாவாசை. அப்பாவின் முதல் திதிக்கு மகன் தன் கையாலேயே அந்த மரத்தைச் சுற்றி மேடை கட்டி, கறுப்புக் கிரானைட்டில் பெயர் பொறித்துப் பதித்தார். தெருவே அதில்தான் உட்காரும், நானும்தான். ஆனால் செருப்பைக் கீழே விட வேண்டும். மறந்து ஏறினால், "சார், அப்பா சார் அது!" என்று பதறிக்கொண்டு ஓடிவருவார்.

அந்த மரத்தை மட்டும் அவர் படம் பிடித்ததே இல்லை. "இதுக்கு என்னா கொறச்சல்? ஏசி தண்ணி நேரா வேருக்குப் போவுது." மேடையில் ஒரு ஓட்டை விட்டு, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்குக் குழாய் செருகியிருந்தார்.

இன்றைக்கு ராஜாங்கம் முதலில் சிவசங்கரி வீட்டு மரத்தைப் படமெடுத்துக் காட்டினார். அருமையான நீலம். "ஜோடி வேணுமே, உங்களோடதையும் எடுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே திரும்பினார்.

திரை முழுக்கச் சிவப்பு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணெதிரே மரம் பச்சைப் பசேலென்று நிற்கிறது, போனில் அடுப்பு மாதிரி எரிகிறது! ராஜாங்கம் கேமராவைச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி எடுத்தார். தள்ளி நின்று எடுத்தார். சிவப்புதான். குழாயைப் பிடுங்கிவிட்டு, வண்டியிலிருந்த பாட்டில் தண்ணீரை அந்த ஓட்டையில் ஊற்றினார். விளிம்பு வரை நிறைந்து அப்படியே நின்றது. கம்பியை விட்டுப் பார்த்தார். ஒரு சாணுக்குக் கீழே கெட்டியாக இடித்தது. மேடை கட்டியபோதே சிமெண்டுக் குழம்பு உள்ளே இறங்கி அடைத்திருக்கிறது. மேடையின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஓட்டையிலிருந்து வழிந்து, சாக்கடை வரை ஒரு பாசிக் கோடு. மேடை கட்டி ஒன்றரை வருடம்; அத்தனை தண்ணீரும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. தினமும் அங்கே உட்கார்ந்து வெட்டிப்பேச்சுப் பேசிய எனக்கு அது கண்ணில் படவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

சிவசங்கரி எச்சில் கையோடு ஓடிவந்தார். "ஊருக்கெல்லாம் சொன்னீங்களேண்ணே..." கேலியாகச் சொல்லவில்லை, பாவம்.

"நாந்தாம்மா ஊத்தினேன். அப்பா வெச்ச மரத்த, அப்பா பேரச் சொல்லியே..." ராஜாங்கம் கம்பியைக் கீழே போட்டார்.

"ஓட்டையை மட்டும் குத்திவிட்டா ஆகாதா?" என்றேன்.

"அது பேருக்குக் குடுக்கற தண்ணி சார். மழையே உள்ள போவாம மூடி வெச்சிருக்கறேன். முழுசும் எடுக்கணும்."

"பேர்க்கல்?"

"சிமெண்டோட புடிச்சிக்கிச்சி. ஒடையாம வராது."

உள்ளே போய், ஏசிக்காகச் சுவரில் துளை போடும் மெஷினை எடுத்துவந்தார். மனைவி வாசற்படியில் நின்றார், சாப்பிடக் கூப்பிடவில்லை. ராஜாங்கம் செருப்பைக் கழற்றிக் கீழே ஓரமாக விட்டார். வெறுங்காலோடு மேடையில் ஏறி, மெஷினின் முனையை அம்மாவாசை என்ற பெயருக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார்.