ஓடைக்குள் ஒரு ரவுண்டானா

நெவ் பர்டி வருடத்தில் ஏழு மாதம் குடும்பஸ்தர், ஐந்து மாதம் பிரம்மச்சாரி. இதில் அவருடைய நடத்தைக்கோ அவர் மனைவி கிளெனிஸின் குணத்துக்கோ எந்தச் சம்பந்தமும் இல்லை. எல்லாம் ஸ்பானர் ஓடையின் ஏற்பாடு.

குவீன்ஸ்லாந்தின் வடக்கு விளிம்பில், வரைபடம் அச்சிடுகிறவர்கள் அளவுகோல் கட்டத்தைப் போட்டு மறைத்துவிடும் இடத்தில் எங்கள் ஊர் கார்மோடி இருக்கிறது. ஊர்ப் பலகையில் மக்கள்தொகை எழுபத்தொன்று. பலகை எழுதியவர் தாராள மனசுக்காரர். உண்மையில் அறுபத்துமூன்று பேர்தான். நெவ் இங்கே கவுன்சிலின் கிரேடர் வண்டி ஓட்டுநர். இருபத்தொன்பது வருடமாக ஒரே மண்சாலையைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். ஏப்ரலில் தண்ணீர் வடிந்ததும் இந்த முனையில் தொடங்குவார். ஆகஸ்டில் அந்த முனையைத் தொடும்போது இந்த முனை தகரக்கூரை மாதிரி வரிவரியாகிவிட்டிருக்கும். திரும்பி வருவார். வந்து சேர்ந்ததும் மழை பெய்து இரண்டையும் கரைத்துவிடும்.

“ரோடு இருந்தாலும் எனக்கு வேலை இருக்கு, ரோடு இல்லாட்டியும் வேலை இருக்கு. பிரதமருக்குக்கூட இப்படி ஒரு உத்தியோகம் கிடையாது” என்பார்.

கிளெனிஸின் சிறுநீரகங்கள் ஒன்பது வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்றன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதற்கான நாற்காலி பிரிண்டல் ஊர் மருத்துவமனையில் இருக்கிறது. நாற்பத்து நான்கு கிலோமீட்டர்; வெயில் காலத்தில் ஐம்பது நிமிடம். நடுவில் ஸ்பானர் ஓடை. முப்பது தப்படி அகலம், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஆழம், நிரந்தரவாசியாக ஒரு முதலை. மழை இறங்கினால் அந்த ஐம்பது நிமிடம் ஐந்து மாதமாகிவிடும். அதனால் ஒவ்வொரு நவம்பரிலும் கிளெனிஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிரிண்டலில் பேக்கரிக்குப் பின்னால் ஒரு அறைக்குக் குடிபோவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஓடைக்கு வருவார்கள். நெவ் இந்தக் கரையில் மடக்கு நாற்காலி போடுவார், கிளெனிஸ் அந்தக் கரையில். ஓடையின் இரைச்சலில் கத்தினால் கேட்காது என்பதால் பேச்சு வண்டி ரேடியோவில், பன்னிரண்டாம் சானலில்.

“என்ன கொண்டாந்த?”

“டின் மாட்டுக்கறி, பீட்ரூட்டு.”

“நேத்தும் அதானே?”

“நேத்து சூடு பண்ணித் தின்னேன்.”

“கிளெனிஸ், நம்பாத!” என்று மூன்றாவது குரல் ஒன்று நுழையும். பப் நடத்தும் டாட்டி. “நேத்து இங்க வந்து வறுத்த மீனு ரெண்டு தட்டு தின்னுச்சு உன் வீட்டுக்காரரு.”

“டாட்டி, இது புருஷன் பொண்டாட்டி பேச்சு.”

“அப்ப ஏன்யா ஊரே கேக்குற சானல்ல பேசுற?”

ரேடியோவில் எண்பது சானல்கள் உண்டு. நெவ் ஒருநாளும் மாற்றியதில்லை. மாற்றினால் ஊரில் அத்தனை பேரும் மாற்ற வேண்டியிருக்கும்; யாருக்கும் தொந்தரவு கொடுக்கிற ஆள் இல்லை அவர்.

இப்படியிருக்க, அரசாங்கத்துக்கு எங்கள் மேல் அக்கறை வந்தது. வட பகுதியை வளர்ப்பதற்கான முன்னுரிமைகளைத் தீர்மானிக்க ஒரு குழு அமைத்து, அதன் சார்பில் டேமியன் ஸ்ட்ரட் என்பவரை அனுப்பினார்கள். அவர் காலணியில் ஒரு தூசு இல்லை. விமான ஓடுதளத்திலிருந்து கம்யூனிட்டி ஹாலுக்கு முந்நூறு அடி புழுதியில் நடந்துவந்தும் தூசு இல்லாததைக் கண்டு ஊரே வியந்தது. சுவரில் பெரிய தாளை ஒட்டினார். அதில் ஏழு வட்டங்கள்: விண்வெளித் தயார்நிலை, மீள்திறன், அனுபவச் சுற்றுலா, இப்படி. ஆளுக்கு ஐந்து பச்சை ஸ்டிக்கர் கொடுத்து, மனசுக்குப் பிடித்த வட்டத்தில் ஒட்டச் சொன்னார்.

நெவ் தாளை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலும் பார்த்தார்.

“இதுல ஓடை எங்க இருக்குங்க?”

“ஓடை தனியா இல்ல, நெவ். நாம இப்ப கனவுக் கட்டத்துல இருக்கோம். பாலம், தாரு, கல்லு இதெல்லாம் அப்புறம் வர்ற கட்டம்.”

“அப்புறம்னா எப்போ?”

“கனவு முடிஞ்சதும்.”

“எனக்குக் கனவே ஒரு பாலந்தாங்க.”

டேமியன் பரிவோடு தலையசைத்தார். “அதையே இன்னும் கொஞ்சம் அகலமா காணணும்.”

“யோவ் நெவ்வு, ரெண்டு வண்டி போற மாதிரி காணுய்யா!” என்றார் டாட்டி, பின்வரிசையிலிருந்து.

விண்வெளி வட்டத்தில் ராக்கெட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் படம் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பாலம் மாதிரியே இருக்கும். நெவ் தன் ஐந்து ஸ்டிக்கரையும் அதில் ஒட்டினார். அவர் ஒட்டியதைப் பார்த்து ஊரும் ஒட்டியது. விண்வெளி மேல் கார்மோடி மக்களுக்கு இருக்கும் தாகம் வடபுலத்திலேயே அதிகம் என்று பிறகு ஒரு அறிக்கை வந்தது.

கிளம்பும்போது டேமியன் நெவ்வின் தோளைத் தட்டினார். “பாலமோ எதுவோ, ஆதாரம் வேணும். உங்க ரோட்டுல எத்தனை வண்டி போகுதுன்னு எண்ணச் சொல்றேன்.”

எண்ணும் ஆள் பிப்ரவரியில் வந்தான், ஹெலிகாப்டரில். மற்ற மாதங்களில் தெற்கே நெடுஞ்சாலைகளை எண்ணுவதில் அவன் மும்முரம். இந்த வேலையோ ஜூனுக்குள் முடிந்தாக வேண்டும். சாலையின் குறுக்கே இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்களைப் பதித்து, ஒரு பெட்டியில் மாட்டினான். குழாயை எது மிதித்தாலும் பெட்டி எண்ணிக்கொள்ளும்.

“இப்ப எண்ணினா என்னப்பா கிடைக்கும்? ரெண்டு பக்கமும் தண்ணி. வண்டின்னு ஒண்ணு வராது” என்றார் நெவ்.

“வராட்டி பூஜ்யம்னு எழுதிட்டுப் போவாங்க, மாப்ள. எனக்கென்ன?”

பூஜ்யத்துக்கு என்ன கிடைக்கும் என்பது நெவ்வுக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பீட்ரூட்டைத் தொடவே இல்லை.

ஆனால் நெவ் ஒன்றை மறந்துவிட்டார். இருபத்தொன்பது வருடமாக நடுமுதுகை உயர்த்தி உயர்த்திச் செதுக்கியதில், மழைக்காலத்தில் சுற்றுவட்டாரத்திலேயே மூழ்காத ஒரே நிலம் அவருடைய சாலைதான். பக்கத்துப் பண்ணையின் மாடுகள் முந்நூறும் அங்கேதான் குடியிருந்தன. காலையில் இந்தப் பக்கம் நடந்தன. மாலையில் அந்தப் பக்கம் நடந்தன. மற்ற நேரத்தில் நின்று அசைபோட்டன.

ஜூனில் அறிக்கை வந்தது. சாலையில் தினசரி சராசரியாக அறுநூற்றுப் பதினொரு கனரக வாகனங்கள். சராசரி வேகம் மணிக்கு மூன்று கிலோமீட்டர். பல வாகனங்கள் குழாயின் மேலேயே மணிக்கணக்கில் நின்றுவிட்டன. வட பகுதியில் இதுவரை பதிவான போக்குவரத்து நெரிசல்களில் இதுவே மிகக் கடுமையானது. அவசர நிவாரணம் பரிந்துரைக்கப்படுகிறது.

ஊர் கொண்டாடியது. டாட்டி அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டினார். நெவ் மட்டும் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள், கருத்துச் சொல்வதற்கென்று அறிக்கையின் கடைசியில் இருந்த படிவத்தை நிரப்பி அனுப்பினார். நான்கு வரி எழுத இடம் விட்டிருந்தார்கள். அவருக்கு ஒன்றே போதுமாக இருந்தது: “அவை மாடுகள்.”

மழை இல்லாத மாதம் என்பதால் கிளெனிஸ் வீட்டில் இருந்தார். அடுப்பில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தார்.

“அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன்.”

“பாலம் வந்திருக்கும்.”

“நீ போகப்போற பாலம், கிளென். மேல போறது வண்டியா மாடான்னே தெரியாமப் போட்டாங்கன்னா எனக்குப் பயமா இருக்கும்.”

கிளெனிஸ் கஞ்சியை இறக்கி வைத்தார். “சரி விடு. நவம்பர்ல பெட்டியை நானே கட்டிக்கிறேன். போன தடவை நீ என் செருப்பையெல்லாம் வச்சுட்டு பல்லு டப்பாவை விட்டுட்ட.”

மூன்று வாரத்தில் பதில் வந்தது. திரு. பர்டி அளித்த மதிப்புமிக்க தகவலின்படி, மேற்படி போக்குவரத்து முழுவதும் கால்நடைத் துறையைச் சார்ந்தது என அறியப்படுகிறது. எனவே இத்திட்டம் ஏற்றுமதி முக்கியத்துவம் உடையதாக வகைமாற்றம் செய்யப்படுகிறது. முன்னுரிமைப் பட்டியலில் இருநூற்றுப் பதினாலாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு உயர்த்தப்படுகிறது.

கூடவே வரைபடமும் வந்தது. நெவ் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் டின் வைத்தார். மேலிருந்து எடுத்த புகைப்படத்தின் மேல் வரைந்திருந்தார்கள். படம் எடுத்தது செப்டம்பரில். அப்போது முதலை கிடக்கும் மடுவைத் தவிர ஓடையில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. வெள்ளை மணல் மட்டும் அகலமாக, அழகாக, வடக்கும் தெற்குமாகப் போகும். நெவ்வின் மண்சாலையைவிட அது நல்ல சாலை மாதிரி தெரிந்தது. தலைநகரத்துப் பொறியாளர்கள் இரண்டையும் பார்த்தார்கள். நெரிசல் மிகுந்த நாற்சந்தி என்று முடிவு செய்தார்கள். நடுவில் வட்டமாக ஒரு ரவுண்டானா போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

கிளெனிஸ் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“இது ஓடை.”

“இவங்க ரோடுங்கறாங்க.”

“மறுபடியும் லெட்டர் எழுதப்போறியா?”

நெவ் மூலைகளிலிருந்த டின்களை எடுத்தார்; வரைபடம் தானே சுருண்டுகொண்டது. “ஒரு தடவை உண்மையைச் சொன்னேன், மூணாவது இடத்துல தூக்கி வச்சுட்டாங்க. இன்னொரு தடவை சொன்னா ஏர்போர்ட் கட்டிருவாங்க, கிளென்.”

கவுன்சிலில் பொறியாளர் பதவி நான்கு வருடமாகக் காலி. ஆகவே வரைபடத்தை நிறைவேற்றும் பொறுப்பு கிரேடர் ஓட்டுநர் மேலேயே விழுந்தது. நெவ் அதை ஒரு வக்கீல் பத்திரம் படிக்கிற மாதிரி படித்தார். இரண்டு குறிப்புகள் அவருக்குப் பிடித்திருந்தன. ஒன்று: ரவுண்டானா, வந்து சேரும் சாலைகளின் மட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். சாலை கரை மேல் இருக்கிறது, ஓடை ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கீழே இருக்கிறது. சமமாக்க வேண்டுமென்றால் அத்தனை உயரத்துக்கு எழுப்பியாக வேண்டும். அது நெவ்வின் தப்பில்லை. இரண்டாவது, ஓரத்தில் பொடி எழுத்தில்: வடிகால், களத்தின் தேவைக்கேற்ப. களத்துக்கு என்ன தேவை என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? ஆள் குனியாமல் நடந்துபோகும் அளவுள்ள சிமென்ட் பெட்டிக் குழாய்கள் முப்பத்தாறு தேவைப்பட்டன. ஏற்றுமதி முக்கியத்துவம் வாய்ந்த திட்டம் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் கடைசியில் முடித்தார். ஓடைக்கு நடுவே பாறையடுக்கிய வட்டத் திட்டு. அதைச் சுற்றி கான்கிரீட் பாதை. பாதைக்கு அடியில் முப்பத்தாறு கண்கள். வரைபடத்தில் நான்கு பக்கமும் வழிகாட்டிப் பலகை இருந்ததால் நான்கையும் நட்டார். கிழக்கே பிரிண்டல், மேற்கே கார்மோடி. தெற்குப் பலகையில் ஸ்பானர் ஓடை என்றும் வடக்குப் பலகையில் கடல் என்றும் எழுதினார். வடக்குப் பலகையின் நிழலில் முதலை வந்து படுத்துக்கொண்டது.

கிளெனிஸ் வழக்கம்போல பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தார். நெவ் அதைத் திரும்ப உள்ளே வைத்தார். கிளெனிஸ் மறுபடி வெளியே வைத்தார். டிசம்பர் ஒன்பதாம் தேதி மழை இறங்கும்வரை அந்தப் பெட்டி இருவருக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது.

மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாவது நாள் காலை டயாலிசிஸ் முறை. பன்னிரண்டாம் சானலில் ஒரு சத்தம் இல்லை. அறுபத்தொரு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும் வருகிற மாதிரி அமைதி. கிளெனிஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி ஓடையை நெருங்கியது. காப்பி நிறத் தண்ணீர் முப்பத்தாறு கண்ணிலும் உறுமிக்கொண்டு போனது. மேலே பாதை, ஈரமாக, ஆனால் முழுசாக இருந்தது.

நெவ் வண்டியை நிறுத்தி வலது பக்கம் பார்த்தார். விதிப்படி வலது பக்கத்தில் வருகிறவருக்கு வழி விட வேண்டும். அங்கே ஒரு மரக்கட்டை மிதந்து வந்தது. அது குழாய்க்குள் நுழையும்வரை காத்திருந்தார்.

“என்னய்யா ஆச்சு?” டாட்டி பொறுக்க முடியாமல் கத்தினார்.

“இரு. இண்டிகேட்டர் போடணும்.”

பாதி வட்டம் சுற்றி அந்தக் கரை ஏறினார். கிளெனிஸ் பெட்டியை மடியிலிருந்து எடுத்துப் பின்சீட்டில் போட்டார். ரேடியோவில் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பேசியதால் யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஜனவரியில் ஆய்வுக்கு டேமியன் வந்தார். ஹெலிகாப்டர் நடுத்திட்டில் இறங்கியது. மழைக்காலத்தில் அதைவிட நல்ல இறங்குதளம் எங்களுக்கு இல்லை. அவர் சுற்றிப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

“நெவ், ரவுண்டானாவுக்குக் கீழ தண்ணி போகுதே?”

“வடிகாலுங்க. தேவைக்கேற்ப.”

“வடக்கு ரோடு எங்க?”

“அதோ. கொஞ்சம் நனைஞ்சிருக்கு.”

டேமியன் நீண்ட நேரம் வடக்கு ரோட்டைப் பார்த்தார். வடக்கு ரோடு வாயைத் திறந்து பல்லைக் காட்டியது. அவர் படிவத்தில் “திருப்தி” என்று எழுதிவிட்டுச் சீக்கிரமாக ஏறிக்கொண்டார். மறுபடியும் எண்ணிப் பார்த்தபோது வாரத்துக்கு மூன்று முறை ஒரே ஒரு வண்டி போய்வந்தது பதிவானது. மாடுகளுக்கு நடுத்திட்டு பிடித்துப்போய்விட்டதால் அவை எண்ணும் ரப்பர் குழாய்ப் பக்கம் வருவதில்லை. நெரிசல் தொண்ணூற்றொன்பது சதவீதம் நீக்கப்பட்டதாக அறிக்கை சொன்னது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஓடைக்கு வருகிறார்கள். மாடுகளை விரட்டிவிட்டு நடுத்திட்டில் இரண்டு மடக்கு நாற்காலியும் பக்கத்துப் பக்கத்தில் போடுவார்கள். முதல் வாரம் வாயாலேயே பேசிக்கொண்டார்கள். ஊரிலிருந்து புகார் வந்துவிட்டது. அதனால் இப்போது முழங்கை இடிக்க உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கொரு கை ரேடியோவை வாயருகே பிடித்துக்கொள்கிறார்கள்.

“என்ன கொண்டாந்த?”

“நீதானே கட்டின? டின் மாட்டுக்கறி.”

“தெரியும். டாட்டிக்குக் கேக்கணுமில்ல.”