ஆயுத பூசைக்கு ஆறிய பாய்லர்

ஆண்டுக்கு ஒரு முறை பாய்லரை அணைத்து, முழுதும் ஆறவிட்டு, உள்ளும் புறமும் சோதித்த பிறகே மீண்டும் நெருப்பு மூட்ட வேண்டும். விதி இதுதான். நானே தட்டச்சு செய்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஸ்டோர் சுவரில் மாட்டினேன். சட்டத்தைச் சனிக்கிழமைதோறும் துடைக்க ஆள் இருந்தது. பாய்லரை அணைக்கத்தான் அனுமதி இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது எழுத்தர். ஸ்டோர் என்று நாங்கள் சொன்ன ஆலையில் ரப்பர் ஷீட்டை அழுத்தும் உருளைகளை ஓட்டியது அந்தப் பாய்லரின் நீராவி. அதன் முன்னால் நின்று விறகு தள்ளியவர் என் மனைவியின் அண்ணன். சில நாட்களாக வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒன்றையே சொன்னார்.

"மாப்ள, பாய்லர்ல வேற மாதிரி சத்தம் கேக்குது. நிறுத்திப் பாத்துடணும்."

துரையிடம் சொன்னேன். ரப்பர் நல்ல விலை போகிற நேரம், ஈப்போவில் உள்ள கம்பெனி அலுவலகம் அனுமதித்தால்தான் நிறுத்தலாம் என்றார். எழுதினேன். முந்தைய கடிதத்தைக் குறிப்பிட்டு, முறைப்படி நினைவூட்டியும் எழுதினேன். ஈப்போ மௌனம் காத்தது. மச்சான் வந்துவிட்டு வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

அப்போது ஆயுத பூசை வந்தது. அன்று எந்த இயந்திரமும் ஓடக் கூடாது, கழுவிச் சந்தனம் வைத்துச் சும்மா விட வேண்டும் என்பது எங்கள் ஸ்டோரின் வழக்கம். அந்த ஆண்டு துரை, பூசையைக் காலையில் முடித்துவிட்டு மதியமே வேலை தொடங்கச் சொன்னார். உருளையில் வேலை செய்த அக்கா ஒருவர் இடுப்பில் கை வைத்து என் மேசை முன் நின்றார்.

"கிராணியாரே, சாமி கும்புடுற அன்னிக்கி நெருப்பு வைக்கணுமாக்கும்? தொரையையே வந்து வெறகு தள்ளச் சொல்லுங்க. நாங்க உக்காந்து பாக்குறோம் லா."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த மிகப் பணிவான ஆங்கிலத்தில் அதைத் துரையிடம் சொன்னேன். பணிவையும் மீறிப் பொருள் புரிந்திருக்க வேண்டும். பூசைக்கு முதல் நாள் மாலையே நெருப்பை அணைக்கச் சொல்லிவிட்டார்.

பூசையன்று, தண்ணீர் வடிக்காமல் ஆறிக் கிடந்த பாய்லரைத் துடைத்து, மச்சான் விபூதிப் பட்டை போட்டார். பட்டை நனைந்து வழிந்தது. மறுபடி போட்டார். மறுபடி வழிந்தது.

"என்ன மச்சான், தண்ணி கூடிப் போச்சா?" என்றேன்.

"வெறும் துன்னூறுதான் மாப்ள பூசுனேன்."

உருளை அக்கா எட்டிப் பார்த்தார். "பாவம், பாய்லருக்கே வேர்க்குது."

மச்சான் சிரிக்கவில்லை. கத்தியால் கரியைச் சுரண்டினார். தகடுகளைப் பிணைத்த ஆணி வரிசையை ஒட்டி ஒரு விரிசல். இத்தனை நாள் சூட்டில் ஆவியாகிக் கண்ணுக்குத் தப்பிய கசிவு, இப்போது சொட்டிக்கொண்டிருந்தது. அவர் தினமும் நிற்கும் இடத்துக்கு நேராக, நெஞ்சு உயரத்தில்.

துரை வந்து குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். தொப்பியைக் கழற்றினார். மூட்ட வேண்டாம், ஈப்போவிலிருந்து ஃபிட்டரை வரவழையுங்கள் என்றார்.

நான் பல விதிகளை மனப்பாடமாக அறிந்தவன். அவற்றில் எதற்கும் நான் நன்றிக்கடன் பட்டதில்லை. அந்தப் பெண்களுக்குப் பட்டிருக்கிறேன். அன்று மாலை என் மனைவி ஒரு சட்டி சுண்டலோடு தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் போனாள். அக்கா ஒரு வாய் போட்டுக்கொண்டு, "உப்பு பத்தல" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லி இவள் சிரித்தாள், பிறகு அழுதாள்.

ஈப்போவிலிருந்து வந்த ஃபிட்டர் வெட்டி எடுத்த தகடு, விளிம்பில் அப்பளமாகத் தேய்ந்திருந்தது. புதுத் தகடு பொருத்தி, சோதித்து, பாய்லரை மூட்டினோம். மச்சான் பழையபடி விறகு தள்ளினார். பாய்லர் நல்ல நிலையில் இருப்பதாகவே கருதுவதால் நிறுத்த அவசியமில்லை என்ற அலுவலகத்தின் பதில், தீபாவளிக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது.