இரண்டு சாவி அலமாரி

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் வழியில், அடிவாரத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில்தான் எனக்கு முதல் வேலை. மருந்தாளுநர். காலையில் அறையைத் திறந்தால் ஓமத் திராவக வாசனை குப்பென்று வரும். இருமல் மருந்துக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவருவார்கள். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, பல் பல்லாக வெட்டிய காகிதத்தை அதன்மேல் ஒட்டிக் கொடுப்பேன். அந்த வாசனையும் அந்தக் காகிதமும் இப்போது எங்கேயும் இல்லை. நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

மருந்துச் சட்டம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். டாக்டர் சீட்டில்லாமல் தரக்கூடாதவை எச் அட்டவணை. சீட்டை இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டியவை எக்ஸ் அட்டவணை. டிப்ளமாவில் இந்தப் பாடத்தில் நான்தான் முதல் மார்க். அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது.

என் அறை மூலையில் ஒரு மர அலமாரி. கதவில் சிவப்பு மையால் ‘விஷம்’ என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன். அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று நர்ஸ் அக்காவிடம். இரண்டு பேரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும், எடுத்ததற்கு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். “இன்னாடி, உள்ள தங்கமா வச்சினுகிற?” என்று அக்கா கிண்டல் செய்வார். எனக்குச் சிரிப்பு வராது.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருடம் அது. புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். பஸ் நின்றுபோனது. சின்னசேலத்தில் தன் வீட்டுக்குப் போயிருந்த அக்கா அங்கேயே மாட்டிக்கொண்டார், சாவியோடு.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு கூலிக்காரரைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிவந்தார்கள். பருத்திக்குப் பூச்சி மருந்து அடிக்கப் போனவர். வெறும் கையால் கலக்கி, சட்டையில்லாமல் அடித்திருக்கிறார். வாயில் நுரை. கண் பாவை கடுகளவாகச் சுருங்கியிருந்தது. மரத்தை வெட்டிப் போட்டவர்களே கட்டிலுக்குத் தோள் கொடுத்து, ஒவ்வொரு மரமாகத் தாண்டிக் கொண்டுவந்தார்கள் என்று அவர் மனைவி அழுதுகொண்டே சொன்னார்.

அந்தப் பூச்சி மருந்துக்கு முறிவு அட்ரோபின் ஊசி. அதுவும் விஷம்தான், ஆனால் அந்த விஷத்தை இந்த விஷம் எடுக்கும். அவசரத் தட்டில் இருந்தவை அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன. மீதி அத்தனையும் அலமாரிக்குள் இருந்தன.

“பூட்டை உடைம்மா!” என்று டாக்டர் கத்தினார்.

“அக்கா சாவி இல்லாம தெறக்கக் கூடாது சார். உடைக்கச் சொன்னீங்கன்னு எழுதிக் குடுத்துடுங்க” என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நோயாளியின் கையை விட்டுவிட்டு, ஒரு சீட்டின் பின்பக்கம் இரண்டு வரி கிறுக்கிக் கையெழுத்துப் போட்டார். “தேதி போடலைங்க சார்” என்று அதைத் திருப்பி நீட்டினேன். அந்த மனைவி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேதி விழுந்த பிறகுதான், மருந்து இடிக்கும் இரும்பு உலக்கையால் அக்காவின் பூட்டை உடைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் பிழைத்துக்கொண்டார். சாயங்காலம் வாய் உலர்ந்து, “தண்ணி” என்று கேட்டார். டாக்டர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ரோடு திறந்து சில நாள் கழித்து அவர் மனைவி என் மருந்து ஜன்னலுக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

“ஏம்மா, அன்னிக்கு போட்ட ஊசி மருந்து வெசமுங்களா?”

“ஆமா. அதான் ரெண்டு பூட்டு.”

“அவரு பருத்திக்கு அடிச்சது?”

“அது இன்னும் ஜாஸ்தி வெசம்.”

“அது எங்க வூட்ல அரிசிப் பானை பக்கத்துல பத்து நாளா கெடந்துதுங்க. நெலத்துக்காரரு குடுத்து வச்சது. புள்ளைங்க அங்கதான் படுத்துக்கினு இருந்துச்சுங்க. அதுக்கு ஒரு பூட்டு போடணும்னு ஒருத்தரும் சொல்லலீங்களே?”

பூச்சி மருந்துக்கும் சட்டம் இருக்கிறது. கொடியது என்றால் பாட்டிலில் சிவப்பு முக்கோணமும் எச்சரிக்கையும் இருக்கும். ஆனால் கடையில் காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும், சீட்டு வேண்டாம். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

“மீதி இருக்குதா?” என்று கேட்டேன்.

“அங்கியேதாங்க இருக்குது.”

“புள்ளைங்க?”

“வூட்லதாங்க.”

வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு அந்த அம்மாவோடு ஓடினேன்.