இசைக்கு முன்பே ஏறிய பிரஷர்

இதை எழுதுவதா, விடுவதா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். இது என் மனைவியின் கதை. அவளுடைய துக்கத்தைப் பத்திரிகையில் போட எனக்கென்ன உரிமை?

போன வாரம் சாய்ந்தமருதில் ஒரு தேநீர்க்கடை. பக்கத்து மேசைக்காரர் என் வீட்டுக் கதையை எனக்கே சொன்னார்.

"மியூசிக் போட்டு பிரஷர் பார்த்திரிக்காங்க. பொம்புள மயங்கி விழுந்துட்டாவாம். ஹராமான வேலை செஞ்சா வேறென்ன நடக்கும்?"

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அப்ப உள்ளத எழுதுங்களன்" என்றாள். எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்த வருஷம் அது. வெடிச்சத்தம் நின்று, பிள்ளைகளுக்குப் போட்டி, கண்காட்சி என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. பாடசாலையில் உயர்தர வகுப்பில் இருந்த என் மகள் நஸ்ரின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு பரிசோதனையைத் திட்டமிட்டாள். ஆளை அமைதியாக உட்கார வைத்து பிரஷர் பார்ப்பது. பிறகு இசை கேட்கவிட்டு மறுபடி பார்ப்பது. குறைகிறதா என்று அறிய வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். விஞ்ஞானம் தெரியாது. மார்க்கத்துக்குப் பயந்தவன்; இசை ஹராம், கூடாதது என்று கேட்டு வளர்ந்தவன். "இசையா...?" என்று இழுத்தேன்.

"பாட்டு இல்ல வாப்பா. புல்லாங்குழல் மட்டுந்தான்."

"அதுவும் ஊதுறதுதானே மகள்?"

"பலூனும் ஊதுறதுதான் வாப்பா."

ஒத்திகை வீட்டிலேயே நடக்கட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு முன்விறாந்தையில் எல்லாம் தயார். பாடசாலையில் கொடுத்த பிரஷர் மெஷின், ஸ்பீக்கர், போனில் இருந்த புல்லாங்குழலைப் பெரிதாகக் கேட்க வைக்க ஒரு மைக். முதல் ஆள் என் மனைவி. அடுத்த கதிரையில் பக்கத்து வீட்டு ஸித்தி ராத்தா.

"சத்தம் கேட்டா பிரஷர் குறையுமாடி? அப்ப என்ட மனிசன்ட குறட்டைக்கு எனக்கு பிரஷரே இரிக்கப்படாதே!"

"கதைக்காதீங்க மாமி, அளவு பிழைச்சிரும்" என்று சிரித்தாள் மகள்.

மனைவியின் முதல் அளவு நல்ல அளவு. மகளுக்குச் சந்தோஷம். புல்லாங்குழலைப் போடுமுன் மைக் வேலை செய்கிறதா என்று விரலால் தட்டினாள்.

டப்... டப்...

மனைவி எழுந்தாள். கையில் சுற்றிய பட்டியோடு மெஷினும் இழுபட்டுக் கீழே விழுந்தது. அவள் கவனிக்கவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேற்றடிக்குப் போய், பள்ளிவாசல் பக்கம் காதைக் கொடுத்து நின்றாள்.

எங்கள் ஊரில் தொழுகை நேரம் அல்லாத நேரத்தில் பள்ளிவாசல் மைக்கை யாராவது தட்டினால், அது மௌத் அறிவித்தல்; யாரோ இறந்துவிட்டார் என்று பொருள். சுனாமி வந்த நாட்களில் அந்த மைக் ஓயவே இல்லை. கண்டெடுத்த ஜனாஸாக்களின் அடையாளம் சொல்வார்கள் — சட்டை நிறம், காதணி... எங்கள் மகன் அஃப்ராஸும் அந்தக் கடலோடு போனவன். ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் கேற்றடிக்கு ஓடினாள். அவனுடைய அடையாளம் மட்டும் சொல்லப்படவே இல்லை. கடைசியில் உடல் இல்லாமலே அவனுக்கு ஜனாஸாத் தொழுகை தொழுதோம். அத்தோடு அவள் மனதை ஆற்றிக்கொண்டாள் என்றுதான் நான் இருந்தேன்.

"உம்மா, இது நம்மட மைக் உம்மா..."

"ஓம், தெரியும்" என்றாள். ஆனால் நகரவில்லை. "கொஞ்சம் பொறு மகள். பேர் சொல்லுவாங்க."

ஸித்தி ராத்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். மகள் மறுபடி அளந்தாள். ஏறியிருந்த எண்ணை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பிறகு உம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இசை அன்று ஒலிக்கவே இல்லை. யாரும் மயங்கி விழவும் இல்லை.

"நாம அவனுக்கு ஜனாஸா தொழுதாச்சே?" என்றேன்.

"நீங்க தொழுதீங்க. நானும் பின்னுக்கு நிண்டன்தான்..." கையில் பட்டி இருந்த இடத்தைத் தடவினாள். "நிய்யத்து வைக்கல்ல."

இன்னாருக்காகத் தொழுகிறேன் என்று மனதில் நிய்யத்து வைக்காமல் தொழுதால் அது தொழுகை ஆகாது. இது குர்ஆன் ஓதப் போகும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரே வீட்டில் இருந்த எனக்குத்தான் அவள் தொழவில்லை என்று தெரியவில்லை.

மகள் கண்காட்சிக்கான தலைப்பையே மாற்றிவிட்டாள். ஏன் என்று ஆசிரியை கேட்டாராம். "முதல் அளவு எடுக்க அமைதியா இரிக்கிற ஆள் வேணும் டீச்சர். எங்க போய்த் தேடுற?" என்றாளாம்.

நியாயம்தானே? கடல் தெரியாதபடி வாசலை மாற்றி வைத்தவர்கள் எங்கள் தெருவில். யுத்தத்தில் காணாமல் போன கணவனுக்காகப் பொட்டை அழிக்காமல் இருக்கும் தமிழ்ப் பெண்கள் அடுத்த தெருவில். இந்தக் கரையில் யாருடைய கையில் அந்தப் பட்டியைச் சுற்றுவது?

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். உள்ளபடியே சொல்லுங்கள். மார்க்கத் தீர்ப்போ விஞ்ஞானத் தீர்ப்போ உங்கள் பங்குக்குச் சேர்க்க வேண்டாம். கேட்பவர் மனம் குளிர, அவள் இப்போது ஆறிவிட்டாள் என்று முடிக்கவும் வேண்டாம்.

அல்லாஹ் அறிவான் — இன்னும் ஆறவில்லை.