சாக்குக்குள் போன வடக்கு

வனவியல் பட்டம் வாங்கிய கையோடு, மரங்களை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். முதல் சைட் வெள்ளானூர். சாலையை அகலப்படுத்தப் பன்னிரண்டு மரங்கள் நகர வேண்டும். முதலில் ஓர் அரச மரம். அது பிழைத்தால் மற்றவற்றையும் நகர்த்தலாம். பட்டுப்போனால் பதினொன்றும் ரம்பத்துக்குத்தான்.

பெயர்க்கும் முன் மரத்தின் வடக்குப் பக்கத்தில் பெயிண்டால் குறி வைப்போம். புது இடத்திலும் அந்தப் பக்கம் வடக்கையே பார்க்க வேண்டும். காலமெல்லாம் நிழலில் இருந்த பட்டை தெற்கு வெயிலைத் தாங்காது. நானும் ஒழுங்காகக் குறி வைத்தேன். பிறகு, பட்டை காயக் கூடாதென்று அடிமரம் முழுக்க ஈரச் சாக்கைச் சுற்றினேன். குறி உள்ளே போய்விட்டது. படித்த மேதைக்கு அது உறைக்கவில்லை.

ஏரிக்கரைக் குழியில் மரத்தை இறக்கிய பிறகுதான் சாக்கை விலக்கிப் பார்த்தேன். குறி தெற்கே இருந்தது.

கிரேன் ஓட்டிய ஏகாம்பரத்திடம், "அண்ணாத்தே, மரத்தைத் திருப்பி வைக்கணும்" என்றேன்.

"இன்னா மேடம், மரத்துக்கு மூஞ்சி, முதுகெல்லாம் கீதா?" என்று சிரித்தார். "மறுபடி தூக்குனா வேர்மண்ணு உதுந்துடும். வுட்ருங்க."

அவர் சொன்னது சரி. சைட் இன்ஜினியரிடம் என் தப்பை நானே சொன்னேன்.

"நாப்பது நாள் பாப்போம். துளிர் வரலைன்னா மீதியை வெட்டிடுவேன்" என்றார்.

தினமும் இரண்டு வேளை சாக்கை நனைத்தேன். ஒரு மாதம் ஒன்றுமே இல்லை. அந்த மொட்டைக் கட்டையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

முப்பத்தெட்டாம் நாள் காலை, சாக்கின் இழைகளை விலக்கிக்கொண்டு செம்பு நிறத்தில் ஏதோ எட்டிப் பார்த்தது. துளிர். அதுவும் தெற்குப் பக்கத்தில், என் குறிக்குப் பக்கத்திலேயே. வேரை வெட்டி, கிளையைக் கழித்து, திசையையும் மாற்றி வைத்திருந்தோம். அது பாட்டுக்குத் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. நான்கு வருடப் படிப்பில் இதற்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கண் கலங்க, கையெடுத்துக் கும்பிட்டேன்.

இத்தனை வருடம் கழித்தும், இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: சாக்குக்கு மேலேயும் குறி வையுங்கள். மரம் மன்னித்தது என்பதற்காக மறுபடி சோதிக்காதீர்கள்.

அன்று வெள்ளானூரில், இரண்டாவது மரத்துக்குக் கிரேன் பெல்ட்டை மாட்டியதும் ஏகாம்பரம் கேபினிலிருந்து தலையை நீட்டினார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"மேடம், இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?"