இரண்டாவது நாற்பதாயிரம்

என் அக்கா ஸ்வர்ணலதா ஐம்பத்தெட்டாவது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கொச்சி மட்டாஞ்சேரியில் கற்றுக்கொண்டவர்கள் வேறு எந்த ஊரிலும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம். எதிரே சுக்கு மூட்டை ஏற்றிய லாரி, பின்னால் ஆட்டோ, நடுவே யாருடையதென்று தெரியாத ஆடு. லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் நட்ட கம்பிகளுக்கு நடுவே காரை ஓட்டி 'எச்' போட்டுக் காட்டச் சொன்னார்கள். ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் போட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டாளாம். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள், வேறெப்படிக் கேட்பாள்.

அவள் கணவர் ராமபத்ரன், என் அத்திம்பேர், போய் மூன்று வருடமாகிறது. மகள் ஸாதனா பெங்களூரில். இருக்கிற காசுக்கு ஒரு பழைய கார் வாங்கி, யாரையும் எதிர்பார்க்காமல் நாலு இடம் போய்வர வேண்டும் என்பது அக்காவின் ஆசை. பழைய கார் விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் நான்தான் நிபுணன். இரண்டு தடவை நன்றாக ஏமாந்திருக்கிறேன் என்பதுதான் தகுதி.

இடக்கொச்சிக்கு பஸ்ஸில் போகும்போதே பாடத்தை ஆரம்பித்தேன். உள்ளே வாசனை தூக்கலாக இருந்தால் சந்தேகப்படு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார், வெள்ளத்தில் கிடந்த வண்டியானால் அடிநுனியில் சேற்று நிறம் இருக்கும், எவ்வளவு கழுவினாலும் அது போகாது. நாம் போவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், காலையில் கிளப்பினால் அது இருமும் என்று அர்த்தம். ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் பேச்சே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, வண்டியைப் பார்த்ததும் மனசு இளகினால் அதை முகத்தில் காட்டாதே.

"கடைசியில சொன்னதுதான் கஷ்டம்" என்றாள் அக்கா, ஜன்னல் வழியே பார்த்தபடி.

அங்கே பழைய கார் யார்டு வைத்திருந்தவர் பாண்டித்துரை. அப்பா காலத்திலேயே கம்பத்திலிருந்து கொச்சிக்கு வந்த குடும்பம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், வாயில் தேன். எங்கள் தமிழைக் கேட்டதும் சொந்தக்காரர் ஆகிவிட்டார். சாயா வரவழைத்தார். நான் சாயாவைப் பார்த்து மயங்குகிறவன் இல்லை.

முதலில் ஒரு வெள்ளைக் காரைக் காட்டினார். கதவைத் திறந்ததுமே மல்லிகைப்பூ சென்ட் மூக்கைத் துளைத்தது. அக்கா பேசாமல் சீட் பெல்ட்டை இழுத்தாள், இழுத்துக்கொண்டே போனாள். அடிநுனி காவி நிறத்தில் இருந்தது. "இது எந்த வருஷத்து வெள்ளம்?" என்று கேட்டாள். பாண்டித்துரை அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். அது சிவப்பு. அக்கா பானெட்டின் மேல் கையை வைத்து, "காலங்காத்தால இதுக்கு என்ன ஜுரம்?" என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது வண்டி வேலியோரமாக, ஒரு பலா மரத்தடியில் நின்றது. நீல நிற மாருதி எண்ணூறு. அக்கா அதைப் பார்த்தாள், நின்றாள், நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அத்திம்பேரின் வண்டி.

ஸாதனா சிறு பெண்ணாக இருந்தபோது புதிதாக வாங்கியது. பஜார் ரோட்டில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் அத்திம்பேருக்கு வேலை. வண்டிக்குள் எப்போதும் மிளகும் சுக்கும் கலந்த ஒரு மணம் இருக்கும். தும்மாமல் அதில் ஏற முடியாது. சாமியைவிட அந்த வண்டியின் மேல் பக்தி அதிகம் என்று அக்கா கேலி செய்வாள். ஸ்டியரிங்கை வேறு யாரும் தொடக் கூடாது. ஸாதனா காலேஜ் போகும் வருடம் விற்றுவிட்டார். அதை ஓட்டிக்கொண்டு போனவனை அத்திம்பேர் தெருமுனை வரை நடந்தே வழியனுப்பினார். அந்த முதுகு இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

அந்த வண்டியோடு அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மீட்டரில் ஒவ்வொரு பத்தாயிரம் திரும்பும்போதும், எங்கே இருந்தாலும் சரி, வண்டியை நிறுத்துவார். கடைசிக் கிலோமீட்டரை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டுவார். எல்லாரும் மீட்டரையே பார்க்க வேண்டும். எண்கள் புரண்டதும் இறங்கி, சுற்றி வந்து, அக்கா பக்கத்துக் கதவைத் திறப்பார். மற்ற நாட்களில் அவர் யாருக்கும் கதவைத் திறந்தவர் இல்லை. பிறகு பக்கத்தில் எங்கேயாவது சாயா. முதல் பத்தாயிரம் பஜார் ரோட்டில் வந்தது, கைவண்டிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து திட்டினார்கள். இருபது தோப்பும்படிப் பாலத்தில். முப்பது கல்பாத்தித் தேருக்குப் போகும் வழியில், நானும் பின்சீட்டில் இருந்தேன். சின்ன விஷயம்தான். ஆனால் இப்படிச் சின்ன விஷயத்துக்கெல்லாம் வண்டியை நிறுத்துகிற மனிதர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

"சேச்சிக்கு நல்ல கண்ணு" என்றார் பாண்டித்துரை. "இது ஒரே ஓனர் வண்டி. வெலிங்டன் தீவுல போர்ட்டுல பெரிய உத்தியோகத்துல இருந்த ஒரு சாரோடது. ஞாயித்துக்கெழமை மட்டும்தான் எடுப்பார். ஒரு குழப்பமும் இல்ல."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

"அப்படியா? அந்த சார் பேரென்ன?"

"பேரு… எல்லாரும் போர்ட் சார்னுதான் சொல்லுவாங்க."

"ஆர்.சி.?"

"ஆபீஸ்ல கொடுத்திருக்கு சேச்சி, நாளைக்கு வந்துரும். ஓட்டம் ரொம்பக் கம்மி, நீங்களே பாருங்க."

அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அந்த வண்டியில் அந்த இடத்தில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை. நான் எட்டிப் பார்த்தேன். மீட்டரில் முன்னால் ஒரு பூஜ்யம், பிறகு முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றுச் சொச்சம். எண்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் நாங்கள் விற்ற வண்டி. செருப்புக் கடையில் ஒரு ரூபாய் குறைத்து விலை போடுவதில்லையா, அதே புத்தியில் யாரோ நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே திருப்பி வைத்திருக்கிறார்கள். பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. போர்ட் சார் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரேக்கின் மேல் ஏறி நின்று பஜனை பண்ணியிருந்தால் ஒழிய அப்படித் தேயாது.

நான் கண்ணைக் காட்டினேன், இருமினேன். அக்கா கவனிக்கவே இல்லை. சீட் பெல்ட்டை இழுக்கவில்லை. பானெட்டைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்ததை நான் மட்டுமா பார்த்தேன்? பாண்டித்துரையும் பார்த்தார். அவர் மனசுக்குள் விலை ஏறிய சத்தம் எனக்கே கேட்டது. எனக்கு பயமாக இருந்தது. பாசத்தில் இதை வாங்கினால் அவள் சேமிப்பு போகும். பாதி வழியில் பிரேக் போனால் அவளே போவாள்.

"ஓட்டிப் பாக்கலாமா?" என்றாள் அக்கா.

"பின்னே? இந்த முக்கு வரைக்கும் போய்ட்டு வரலாம் சேச்சி."

"முக்கு போறாது. கும்பளங்கி வரைக்கும் போகணும்."

பாண்டித்துரைக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் நல்ல வியாபாரம் என்று நினைத்துப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் முன்னால் இடது சீட்டில், அதாவது அக்காவின் பழைய இடத்தில். வண்டி இருமிவிட்டுக் கிளம்பியது. கும்பளங்கிப் பாலம் தாண்டும்வரை பாண்டித்துரை போர்ட் சாரின் குணநலன்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். பாலம் தாண்டியதும் அக்கா பேசினாள்.

"வெங்கிடு, நாப்பதாயிரம் எங்க வந்ததுன்னு தெரியுமோ நோக்கு?"

யோசித்தேன். மற்ற எல்லாப் பத்தாயிரங்களையும் பற்றி அத்திம்பேர் சொல்லியிருக்கிறார். இதைப் பற்றி மட்டும் யாரும் சொன்னதில்லை.

"தெரியாது."

"இந்த ரோட்டுலதான். உங்க அத்திம்பேர்தான் ஓட்டிண்டு வந்தார். ரோடு காலியா இருக்கு, கொஞ்ச தூரம் நான் ஓட்டிப் பாக்கறேனேன்னு கேட்டேன். நோக்கு எதுக்கு ஸ்டியரிங், நான் இருக்கேனேன்னார். நேக்குக் கோபம் வந்துடுத்து. மூஞ்சியைத் திருப்பிண்டு ஒக்காந்துட்டேன்."

பின்சீட்டில் பாண்டித்துரை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார், இது யாருடைய வண்டி என்று அவருக்கு இப்போது புரிந்திருக்கும்.

"கொஞ்ச நேரத்துல வண்டி மெதுவாச்சு. நாப்பதாயிரம் வரதுன்னு தெரிஞ்சது. நான் திரும்பிப் பாக்கலை. நிறுத்தினார். சுத்தி வந்து கதவைத் தொறந்தார். நான் எறங்கலை. கதவைப் புடிச்சுண்டு நின்னார், பாவம். அப்பறம் சாத்திட்டுப் போய்த் தனியா நின்னு சாயா குடிச்சார். தூத்தல் வேற."

"அதுக்கப்பறமும் அம்பது, அறுபதெல்லாம் வந்ததே அக்கா."

"வந்தது. எல்லாத்துக்கும் எறங்கினேன். இது மட்டும் மனசுல கெடந்துண்டே இருந்தது."

இரண்டு பக்கமும் மீன் வளர்க்கும் நீர்நிலைகள், தள்ளி ஒரு சீனவலை. அக்கா வேகத்தைக் குறைத்தாள். பின்னால் பைக்கில் வந்தவன் ஒருமாதிரி பார்த்துவிட்டுத் தாண்டிப் போனான். அத்திம்பேரின் அதே மாட்டுவண்டி வேகம். மீட்டரில் ஒன்பதுகள் வரிசையாக நின்றன. பிறகு எல்லாம் ஒன்றாக அசைந்தன, தயங்கின, புரண்டன. நாலு, அதன் பின்னால் பூஜ்யங்கள்.

அக்கா வண்டியை ஓரம் கட்டினாள். இறங்கினாள். முன்பக்கமாகச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து, அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எறங்கு" என்றாள். கண்ணில் நீர் வழிந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை.

நான் இறங்கினேன். எனக்கும் அழுகை வந்தது. வராது என்று யாராவது சொன்னால் அவர்கள் அந்த மனிதரைப் பார்த்ததில்லை என்றுதான் சொல்வேன்.

அன்றைய கடை இப்போது இல்லை. கொஞ்சம் தள்ளி, கப்பைக்கிழங்கும் மீன்கறியும் என்று போர்டு வைத்து ஒரு புதுக்கடை இருந்தது. மூன்று பேரும் போய் நின்றோம். பாண்டித்துரை சாயா டம்ளரை வெறுமனே சுழற்றிக்கொண்டிருந்தார்.

"சேச்சி" என்றார் கடைசியில். "மீட்டரை நான் திருப்பல. என் கைக்கு வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

"போர்ட் சாரும் அப்படியே வந்தாரா?" என்றேன் நான்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"யாரு திருப்பினா என்ன" என்றாள் அக்கா. "அவா பண்ணினது தப்பு. ஆனா நேக்கு ஒரு நாள் திரும்பக் கெடச்சுது. அதுக்காக அவா நன்னா இருக்கட்டும்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஊரை ஏமாற்றுகிற வேலைக்கு ஆசீர்வாதம் வேறா? இனி இவள் வண்டியையும் வாங்கிவிடுவாள் என்று முடிவு செய்துவிட்டேன். மெதுவாகக் கேட்டேன்.

"அப்போ, இதையே எடுத்துடறதா?"

அக்கா என்னைப் பார்த்த பார்வை, வகுப்பில் தப்பாகக் கூட்டல் போட்ட பையனைப் பார்க்கிற பார்வை.

"நோக்குப் பைத்தியமா? கிளட்ச் பக்கத்துல ஓட்டை. அது வழியா ரோடு தெரியறது. வர வழியெல்லாம் பாத்துண்டேதான் வந்தேன். அடி முழுக்க உப்பு தின்னிருக்கு."

"கும்பளங்கில ஒரு வீட்டு முத்தத்துலதான் கெடந்துச்சு" என்றார் பாண்டித்துரை, தரையைப் பார்த்தபடி. "வேலியேத்தத்துல கடல் ஏறும்போதெல்லாம் உப்புத்தண்ணி உள்ள வந்துரும். எடுக்க வேண்டாம் சேச்சி. நீங்க ஓட்டுற வண்டி இல்ல இது."

அவர் அன்றைக்குச் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிது.

"அடுத்தவாகிட்டயும் இதையே சொல்லுங்கோ" என்றாள் அக்கா. "எம்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு நாங்க கொடுத்த வண்டி. அதுக்குக் கீழ யாராவது சொன்னா, கணக்கு டீச்சர் வந்து கேப்பான்னு சொல்லுங்கோ."

சாயாவுக்கு அக்காவே காசு கொடுத்தாள். திரும்பி வரும்போது பாண்டித்துரையை வண்டி ஓட்டச் சொன்னாள். அவள் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். யார்டில் இறங்கும்போது அந்த நீலக் கதவில் ஒரு தடவை உள்ளங்கையை வைத்தாள், அவ்வளவுதான்.

பிறகு தோப்பும்படியில் ஒரு வீட்டிலிருந்து சாம்பல் நிறக் கார் ஒன்றை நேராக வாங்கினோம். ஆர்.சி.யைப் பார்த்து, பெல்ட்டை இழுத்து, காலையில் ஆறின எஞ்சினைக் கிளப்பிப் பார்த்து, எல்லாம் முறைப்படி. மிளகு வாசனை கிடையாது. அழகும் கிடையாது. ஆனால் சொன்ன இடத்தில் நிற்கிறது.

போன மாதம் அதில் அக்காவோடு எர்ணாகுளத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். தோப்பும்படிப் பாலத்தின் நடுவில் வண்டி மெதுவானது. மீட்டரைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, பாலத்துல வேண்டாம், போலீஸ் வரும்" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. நிறுத்தினாள், இறங்கினாள், சுற்றி வந்து என் கதவைத் திறந்தாள். பின்னால் பாலம் முழுக்க ஹாரன். நான் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் இறங்கினேன்.